ஏழாம் அத்தியாயத்தில் இல்லாதவர்கள்

எனக்கு ரெட்டைச் சடை பின்னிவிட்டுக்கொண்டே பரீட்சைக்குப் படித்த என் ரோஸ்லின் அக்காவுக்கு,

உன் புத்தகம் வந்துவிட்டது. அட்டை நன்றாக இருக்கிறது. உன் பெயரும் பட்டமும் பொன்னிற எழுத்தில் மின்னுகின்றன. நல்ல சேதி அதோடு முடிந்தது. மற்றதைக் கோபமில்லாமல் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இறந்தவர்கள் மேல் கோபம் வைக்கக் கூடாது என்று போதகர் சொல்கிறார். நீ போய் எட்டு மாதம் ஆகிறது, நான் வைத்திருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை வாசிக்கிற மற்றவர்களுக்காக உனக்குத் தெரிந்ததையே சொல்கிறேன், பொறுத்துக்கொள். என் அக்கா கருங்கல் பக்கத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் இருபத்திரண்டு வருடம் அமெரிக்க வரலாறு நடத்தினாள். தமிழில் படிக்கிற பிள்ளைகளுக்கு உருப்படியான பாடநூல் இல்லையென்று தானே ஒன்று எழுதினாள். புதுக்கடை ஜங்ஷனில் டைப்பிங் கடை வைத்திருக்கும் நான்தான் அதைக் கணினியில் அடித்துக் கொடுத்தேன்.

ஆறு அத்தியாயம் வரைக்கும் நான் எதையும் வாசிக்கவில்லை. கண் தாளில், விரல் விசையில், அவ்வளவுதான். ஏழாவதில் கை நின்றுவிட்டது. புதிதாக விடுதலை பெற்ற ஒரு குடியரசு மேற்கே, இன்னும் மேற்கே என்று நகர்ந்த கதை அது. ஒரு ஆற்றங்கரையில் ஒப்பந்தம் போடுவார்கள், இதைத் தாண்டி வரமாட்டோம் என்று. கொஞ்ச காலத்தில் அதைத் தாண்டிப் போய் அடுத்த ஆற்றங்கரையில் அடுத்த ஒப்பந்தம். அந்த மண்ணில் ஏற்கெனவே வாழ்ந்த இனங்களின் பெயர்களை நீ ஒவ்வொன்றாக எழுதியிருந்தாய். செரோக்கி மக்களைப் பற்றி மட்டும் பதினோரு பக்கம்.

அவர்கள் தங்கள் மொழிக்கு எழுத்து உண்டாக்கினார்கள். பத்திரிகை நடத்தினார்கள், அரசியல் சட்டம் எழுதினார்கள், பள்ளிக்கூடமும் தேவாலயமும் கட்டினார்கள். நாகரிகம் என்று வெள்ளைக்காரன் எதையெல்லாம் சொன்னானோ அதையெல்லாம் செய்தார்கள். அப்புறமும் நிலத்தை விட்டுப் போ என்றான். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், தீர்ப்பும் அவர்களுக்குச் சாதகமாக வந்தது. ஜனாதிபதி அதைக் கண்டுகொள்ளவில்லை. அந்த மக்களை விட்டு விலக மறுத்த மிஷனரிகள் ஜெயிலில் கிடந்தார்கள்.

அந்த வரியில்தான் கடையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன்னைத் திரும்பிப் பார்த்தேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் எழுத்துப் படித்துத் தலைநிமிர்ந்த குடும்பம் நம்முடையது. நம்ம ஆட்களைப் பற்றி எழுதினதுபோல இருக்கிறதே என்றேன்.

“அதுக்குத்தான் ஏட்டி எழுதுதேன்,” என்றாய். “நம்ம பிள்ளைகளுக்கு இது தூரத்துக் கதையா இருக்கப்பிடாது.”

கடைசியில் பட்டாளத்தார் வந்து அவர்களை வீடுவீடாக வெளியே இழுத்துப் பட்டியில் அடைத்ததையும், மேற்கே நடத்திக்கொண்டு போன வழியில் ஆயிரக்கணக்கானோர் குளிரிலும் நோயிலும் செத்ததையும் அடித்து முடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது.

அப்புறம் உனக்கு நோய் வந்தது. திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக நாம் அலைந்தோம். புத்தகத்தை அச்சுக்குக் கொண்டுபோகும் பொறுப்பை உன் துறையில் கூட வேலை பார்த்த எட்வின் சாரிடம் ஒப்படைத்தாய். அவரை நீ நம்பினாய். நானும்தான்.

போன மாதம் கல்லூரி மண்டபத்தில் வெளியீட்டு விழா. என்னை மேடையில் உட்காரவைத்து, பொன்னாடை போர்த்தி, முதல் பிரதியைக் கையில் கொடுத்தார்கள். நான் நேராக ஏழாம் அத்தியாயத்தைப் புரட்டினேன். ஒன்றரைப் பக்கம் இருந்தது, அக்கா. ஒன்றரைப் பக்கம். தலைப்பு ‘மேற்கு நோக்கிய வளர்ச்சி’. அதற்குக் கீழே, ‘ஆளில்லாத பரந்த நிலங்களில் குடியேறிகள் துணிவுடன் பரவினர்.’ செரோக்கி என்ற சொல்லே கிடையாது. ஒரு இனத்தின் பெயரும் கிடையாது. பொன்னிற எழுத்தில் உன் பெயர் இருக்கிற புத்தகத்தில்!

குடும்பத்தின் சார்பில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். நன்றி சொல்வதற்காக எழுதிக்கொண்டு போயிருந்த தாளை மடித்து வைத்துவிட்டேன்.

“இது எனக்க அக்கா எழுதினது இல்ல,” என்றேன். “அங்க ஆளு இருந்தாவ. அவிய பேரு ஒவ்வொண்ணையும் நான்தான் அடிச்சேன்.”

பொன்னாடையை நாற்காலியில் வைத்துவிட்டு இறங்கினேன். நம் அண்ணன்தான் காரில் கூட்டிவந்தான். வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, செத்தவளுக்கு நடந்த மரியாதையை நான் கெடுத்துவிட்டேன் என்றான். மரியாதையா? அவள் எழுதியதைப் பிடுங்கி எறிந்துவிட்டு அவளுக்கு எதற்கு மரியாதை?

மூன்றாம் நாள் எட்வின் சார் கடைக்கு வந்தார். நான் உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே விளக்கம் சொன்னார். பாடத்திட்டத்தில் விரிவாக்கம் என்று ஒரு வார்த்தைதான் இருக்கிறதாம், பக்கமும் கூடிவிட்டதாம், பழைய கைடு ஒன்றிலிருந்து அந்த ஒன்றரைப் பக்கத்தை எடுத்தாராம். அக்கா எழுதினதை வாசித்தீர்களா என்று கேட்டேன். அவர் மேசையைப் பார்த்தார்.

“முழுசா வாசிக்கல்ல,” என்றார்.

நான் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுக்குமுன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். உன் எழுத்து. ஊசி குத்தின கையால் எழுதியதாயிருக்கும், வரி கோணலாகப் போயிருந்தது. ஏழாவதைக் குறைத்துக்கொள்ளுங்கள் சார், புத்தகம் வந்தால் போதும், எனக்குச் சம்மதம். கீழே உன் கையெழுத்து.

ஏன் அக்கா? உன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே கிடந்தேனே, என்னிடம் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? நான் சண்டை போடுவேன் என்று பயந்தாயா? போட்டிருப்பேன்தான்.

செரோக்கி மக்களின் ஆட்சிச் சபை அனுமதிக்காத, நிலத்தை எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட சிலரைப் பற்றியும் நீ எழுதியிருந்தாய். எப்படியும் பிடுங்கத்தான் போகிறார்கள், கிடைத்ததையாவது வாங்கிக்கொள்வோம் என்று நினைத்தவர்கள். அவர்களில் சிலரைப் பின்னாளில் சொந்த இனத்தாரே கொன்றார்கள். அதை அடிக்கும்போது நான் அந்த ஆட்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். நீ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாய். அப்போதே களைத்துப்போயிருந்தாயா?

உன் மேல் எனக்குக் கோபம்தான். ஆனால் குறைப்பது வேறு, இல்லையென்று சொல்வது வேறு. எட்வின் சாரிடமும் அதைத்தான் சொன்னேன்.

“குறைக்கதுக்கு அக்கா கையெழுத்து இருக்கு. ஆளில்லாதன்னு எழுதினதுக்கு எங்க சார் இருக்கு?”

அந்த அத்தியாயத்தின் மூலப் பிரதி கணினியில் இருக்கிறதா என்று அவர் கேட்டார். அச்செடுத்துக் கொடுத்தேன். என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து மத்தியானம் முழுக்க வாசித்தார். நான் கல்ஃப் வேலைக்கான பயோடேட்டாக்களை அடித்துக்கொண்டிருந்தேன். டீ வாங்கிக் கொடுக்கவில்லை. முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, தப்புப் பண்ணிவிட்டேன் என்றார்.

கல்லூரியில் மிச்சமிருந்த பிரதிகளில், அந்த வரியின் மேல் திருத்தச் சீட்டு ஒட்ட ஏற்பாடு செய்தார். போன சனிக்கிழமை அவரும் நானும் துறை அறையில் எதிரெதிரே உட்கார்ந்து ஒட்டினோம். அந்த நிலங்களில் மனிதர்கள் வாழ்ந்தார்கள், அவர்கள் விரட்டப்பட்டார்கள், இன்னின்ன பெயருடையவர்கள் என்று மூன்று வரி. மூன்றே வரிதான் கொள்ளும். வேறு கல்லூரிகளுக்குப் போய்விட்ட பிரதிகளைத் திரும்ப வாங்க வழியில்லையாம். அந்தப் பிள்ளைகள் ‘ஆளில்லாத’ என்று மனப்பாடம் பண்ணி உன் பெயரைச் சொல்லிப் பரீட்சை எழுதுவார்கள். இதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

அடுத்த பதிப்பில் முழு அத்தியாயமும் வரும் என்று எட்வின் சார் வாக்குக் கொடுத்திருக்கிறார். மனதாரத்தான் சொன்னார். ஆனாலும் அத்தனை ஒப்பந்தங்களைப் பற்றியும் என் விரலாலேயே அடித்தவள் நான். வாக்கை நம்பிக் காத்திருக்க மாட்டேன்.

இந்த மழைக்காலம் முடியுமுன் உன் ஏழாம் அத்தியாயத்தைத் தனிப் புத்தகமாகக் கொண்டுவருவேன். ஒரு பெயர் விடுபடாது, ஒரு பக்கம் குறையாது. இந்த முறை உன் சம்மதத்தை நான் கேட்கப்போவதில்லை.

இன்னும் கோபம் ஆறாத உன் தங்கை,
ஜெபா