பெண் பார்க்க வந்தவர்கள் கஃபீன் பார்த்தார்கள்

1986 ஜனவரி 20, திங்கள்

டிஸ்க் வந்துவிட்டது! வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்திலிருந்து கஃபீனின் இலத்திரன் (எலக்ட்ரோன்) அடர்த்தி முழுவதும் எண்களாக வந்திருக்கிறது. தேயிலையில் இருக்கும் அதே கஃபீன். அதன் பளிங்கில், அதாவது படிகத்தில், எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, எந்த இடத்தில் இலத்திரன் எவ்வளவு செறிந்திருக்கிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். எண் கூடிய இடத்தில் அணு இருக்கும். சம எண்களைக் கோட்டால் இணைத்தால் மூலக்கூறின் உருவம் கொம்பியூட்டர் திரையில் தெரிய வேண்டும். கோடு போடும் புரோகிராமை நானே எழுதினேன்.

ஓட்டினேன். ஒன்றுமே இல்லை. திரை முழுக்க இருட்டு.

ஜனவரி 22, புதன்

இருட்டுக்குக் காரணம் கண்டுபிடித்தேன். கோடு போடச் சொல்லி நான் கொடுத்த அளவு, டிஸ்கில் உள்ள மிகப் பெரிய எண்ணையும் தாண்டியிருந்தது. இல்லாத உயரத்தில் எப்படிக் கோடு விழும்? அசடு!

அளவைக் குறைத்தேன். இப்போது திரை முழுக்கப் பச்சை. குறைத்தது அதிகமாகிவிட்டது. ஒன்றுமில்லாத இடத்திலெல்லாம் கோடு கிறுக்கியிருக்கிறது.

ஆனாலும் இருட்டைவிடப் பச்சை மேல்.

ஜனவரி 27, திங்கள்

அளவு சரி. ஆனால் உருவம் இல்லை. சாய்வாக வரி வரியாய், மழைக்காலச் சன்னல் கண்ணாடி மாதிரி. ஒரு வாரமாகத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்கு வருவதும் இந்த மழையைப் பார்ப்பதுமாக இருக்கிறேன்.

நிலையத் தலைவர் டொக்டர் வீரக்கோன் அறைக்குக் கூப்பிட்டார். அடுத்த மாதக் கடைசியில் கொழும்பிலிருந்து பெரியவர்கள் வருகிறார்களாம். ஆராய்ச்சிக்கு இந்த மெஷினால் பயன் உண்டென்று காட்டாவிட்டால், அதைக் கணக்குப் பிரிவுக்குத் தூக்கிக் கொடுத்துவிடுவார்களாம். "ஒரு படம், சிசிலி. ஒரே ஒரு படம் போதும்" என்றார்.

சம்பளப் பட்டியல் அடிக்கவா இது வந்தது? விடமாட்டேன்.

பெப்ரவரி 1, சனி

அக்கரப்பத்தனைக்கு, வீட்டுக்கு வந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றவில்லை, அம்மா ஆரம்பித்துவிட்டார். கந்தப்பளையிலிருந்து ஒரு வரன். பையன் பெயர் றோலண்ட். கொத்மலை அணைக்கட்டு வேலையில் படம் வரைபவராம். தவக்காலம் தொடங்குமுன் பார்த்துவிட வேண்டும், அதனால் அடுத்த ஞாயிறே வருகிறார்களாம்.

"ஒனக்கு முப்பது ஆகப்போகுது. அந்தப் பொட்டியவா கட்டிக்கப்போற?"

"பொட்டி ஒண்ணும் சீதனம் கேக்கலம்மா" என்றேன். அகப்பை ஓங்கினார். இருவருக்கும் சிரிப்பு.

பெப்ரவரி 5, புதன்

மழை. திரையில்.

பெப்ரவரி 9, ஞாயிறு

எங்கே தொடங்குவது?

பூசை முடிந்து வந்ததும் அவர்கள் வேனில் வந்து இறங்கினார்கள். றோலண்ட், அவருடைய அப்பா இராயப்பன், அம்மா மரியநாயகி, சொந்தக்காரர்கள் சிலர். இராயப்பனுக்குச் சீனி வியாதி. அதனால் அம்மா தட்டில் கிளாஸ்களை மேலிருந்து கீழாக மூன்று வரிசையாகப் பிரித்து வைத்திருந்தார்: இடப்பக்கம் சீனி போடாதது, நடுவில் பால் தேத்தண்ணி, வலப்பக்கம் இஞ்சி போட்ட பிளேன்டீ. எப்படி எடுக்க வேண்டும் என்றும் சொன்னாராம். என் தலைக்குள் சாய்வு மழை பெய்துகொண்டிருந்தது. எதுவும் ஏறவில்லை.

நான் பாட்டுக்கு முன்வரிசையை இடமிருந்து வலமாகக் கொடுத்துக்கொண்டே போனேன். இராயப்பனுக்கு நாலு கரண்டி சீனி போட்ட பால் தேத்தண்ணி போய்விட்டது. ஒரு வாய் குடித்தார், கண்கள் விரிந்தன. மரியநாயகி தன்னுடையதை ருசித்துப் பார்த்து, "எனக்கு ஏன் சப்புன்னு இருக்கு?" என்றார். றோலண்டுக்கு இஞ்சி புரையேறியது.

அடுப்படியிலிருந்து அம்மா பல்லைக் கடித்தார். "மேலேருந்து கீழயா எடுக்கச் சொன்னேன்ல, ஏன்டி பக்கவாட்டுல எடுத்த?"

பக்கவாட்டில்.

கடவுளே, பக்கவாட்டில்! எண்களையும் நான் பக்கவாட்டில்தானே எடுத்துக்கொண்டிருக்கிறேன்! அனுப்பியவர்கள் மேலிருந்து கீழாக எழுதியிருந்தால்? ஒவ்வோர் எண்ணும் வேறோர் இடத்தில் போய் உட்கார்ந்திருக்கும். பிறகு உருவம் எங்கே வரும், மழைதான் வரும்!

சிரித்துவிட்டேன். புன்னகை இல்லை. தட்டு குலுங்கக் குலுங்கச் சிரிப்பு.

"என்னாங்க?" என்றார் றோலண்ட், இருமிக்கொண்டே.

சொல்லத் தொடங்கினேன். நிறுத்த முடியவில்லை. கஃபீன், பளிங்கு, எண்கள், கோடுகள் எல்லாம். அம்மா தலையில் கைவைத்தார். றோலண்ட் மட்டும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"அப்ப அது சமவுயரக் கோடுதானே? மலை எங்க உசரமோ அங்க கோடு நெருங்கும். அணைக்கட்டுக்கு நான் வரையிறது அதுதாங்க!"

"அதேதான்! இங்க மலைன்னா அணு!"

"எப்பங்க பாக்கலாம்?"

"மெஷின் ஆராய்ச்சி நிலையத்துல இருக்கு. நாளைக்கித்தான்…"

"வேன் சும்மாத்தானே நிக்குது" என்றார் மரியநாயகி.

போனோம்! மல்லிகைப்பூவும் பட்டுச்சேலையுமாக நான், முன்சீட்டில் வாய் திறக்காமல் இராயப்பன், அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அம்மா. காவல்காரர் சோலைமலை கேற்றைப் பிடித்துக்கொண்டு, "கல்யாணக் கோஷ்டி வழிதவறி வந்திருச்சா?" என்றார்.

புரோகிராமில் இரண்டே வரிகளை இடம் மாற்றினேன். ஓட்டினேன். எல்லாரும் என் முதுகுக்குப் பின்னால். திரையில் கோடுகள் மெல்ல மெல்ல ஊர்ந்தன. மழை இல்லை! வளையங்கள்! சுத்தமான வட்ட வளையங்கள்! ஆனால் நான்கு மூலையிலும் நான்கு துண்டு. நடுவில் வெறுமை.

"ஒடைஞ்சுல்ல கெடக்கு" என்றார் இராயப்பன். வேனில் ஏறியதிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை.

எனக்குத் துள்ள வேண்டும் போலிருந்தது. உடையவில்லை! பளிங்கில் ஒரே உருவம் திரும்பத் திரும்ப வரும். படம் எந்த இடத்தில் தொடங்குகிறதோ அந்த இடத்தில் மூலக்கூறு வெட்டுப்படும். கேட்காமல் கொள்ளாமல் மரியநாயகியின் பூப்போட்ட நைலெக்ஸ் சேலை முந்தானையை எடுத்து விரித்தேன். "பாருங்க, இந்த ஓரத்துல பாதிப் பூ. இன்னொரு துண்ட ஒட்டித் தச்சா முழுப் பூ. அவ்வளவுதாங்க." படத்தின் தொடக்கத்தைப் பாதி அகலமும் பாதி உயரமும் நகர்த்தினேன்.

வந்தது. நடுத்திரையில், முழுசாக. ஓர் அறுகோணம், அதை ஒட்டி ஓர் ஐங்கோணம், சுற்றிலும் முளைத்த சின்ன மலைகள்.

மரியநாயகி திரைக் கண்ணாடிக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனார். "இதுக்குத்தானா இத்தன வருசம் கொழுந்து பறிச்சேன்? பரவாயில்ல, அழகாத்தான் இருக்கு."

றோலண்ட் விரலால் காற்றில் வளையங்களைத் தொடர்ந்து வரைந்துகொண்டிருந்தார். நல்ல விரல்கள். இதை ஏன் எழுதுகிறேன்?

பெப்ரவரி 11, செவ்வாய்

தரகர் அம்மாவிடம் வந்து சொல்லிவிட்டுப் போனாராம். இராயப்பனுக்குப் பிடிக்கவில்லை. பெரியவங்க முன்னால பல்லக் காட்டிச் சிரிக்கிற புள்ளயாம்.

போகட்டும். எனக்கென்ன. சிரிப்பு வந்துச்சு, சிரிச்சேன். அழுதிருந்தா மட்டும் புடிச்சிருக்குமா? படம் வந்திருச்சுல்ல, அது போதும். போதும்தானே?

போதவில்லை.

பெப்ரவரி 12, திருநீற்றுப் புதன்

நெற்றியில் சாம்பலோடு வேலை. புதுச் சிக்கல்: திரையில் தெரிவதைத் தாளில் எடுக்க வழியில்லை. பிரிண்டர் எழுத்து மட்டும்தான் அடிக்கும். பெரியவர்களின் கூட்டமோ மேல்மாடியில். மெஷினைத் தூக்கிப்போவது ஆபத்து.

பெப்ரவரி 15, சனி

அரைநாள் வேலை முடியும் நேரம். வாசலில் யாரோ. கக்கத்தில் நீளமான சுருள்.

றோலண்ட்!

"ட்ரேசிங் பேப்பருங்க. திரையில ஒட்டி அப்படியே வரைஞ்சிரலாம்னு தோணுச்சு."

இவருக்கு எப்படித் தெரியும், எனக்கு இதுதான் தேவை என்று? தெரியாதாம். வருவதற்கு ஒரு சாக்குத் தேடினாராம். அவரே ஒப்புக்கொண்டார், காது சிவக்க.

"ஒங்க அப்பா?" என்றேன்.

"பேசிட்டேன். 'கட்டிக்கப் போறது நீயா நானா'ன்னு கேட்டாரு. நான்தான்னேன். அதுக்கப்புறம் பேசல. சாப்பாட்ட மட்டும் என் பக்கம் தள்ளி வச்சாரு."

பிறகு வேலை. நான் பளிங்கை அடுக்கு அடுக்காக வெட்டித் திரையில் காட்டக் காட்ட, அவர் ஒவ்வோர் அடுக்கையும் தாளில் எடுத்தார். மூச்சுவிடாமல் வரைகிறார் மனிதர். ஒவ்வொரு கோடும் மயிரிழை. எல்லாவற்றையும் கண்ணாடித் துண்டுகளில் ஒட்டி, இடைவெளி விட்டு அடுக்கி, அடியில் பல்பு வைத்தோம்.

கஃபீன் எழுந்து நின்றது! கைக்குள் எடுத்துக்கொள்ளலாம் போல!

"சிசிலி" என்றார். முதல் தடவை பெயர் சொல்லி. பஸ்ஸில் வீடு வரும்வரை தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். கண்டக்டர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

பெப்ரவரி 28, வெள்ளி

கொழும்புக்காரர்கள் கண்ணாடி அடுக்கைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். மெஷின் இங்கேயே இருக்கும்!! டொக்டர் வீரக்கோன் கோப்பியை டையில் ஊற்றிக்கொண்டார், சந்தோஷத்தில்.

மார்ச் 23, குருத்து ஞாயிறு

இராயப்பன் தனியாக வந்தார். அம்மாவோடு அரைமணி நேரம் உரத்துப் பேசிவிட்டு, போகும்போது என்னிடம், "அந்தக் கண்ணாடிய நான் இன்னும் பாக்கலையே" என்றார், சண்டைக்கு வருகிற குரலில்.

ஏப்ரல் 7, திங்கள்

நேற்றுக் கோவிலில் எங்கள் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலையை வாசித்தார்கள். இன்று டொக்டர் வீரக்கோன் கேட்டார், நிலையத்தில் நான் தங்கியிருக்கும் தனியாள் குவாட்டர்ஸ் இனிப் போதாதே, மாற்றித் தரவா என்று.

"ரெண்டு சன்னல் உள்ளதா பாத்துக் குடுங்க சேர்" என்றேன். "ஒருத்தருக்குப் படம் வரைய வெளிச்சம் வேணும்."