சிவப்புப் பொடியைப் பரிசோதிக்கக் கோரி

அனுப்புநர்
ஹ. ஹம்னா (வயது 17),
த/பெ. ஹபீப் முகம்மது,
மேலப்பாளையம்,
திருநெல்வேலி.

பெறுநர்
உயர்திரு நியமன அலுவலர் அவர்கள்,
உணவுப் பாதுகாப்புத் துறை,
திருநெல்வேலி மாவட்டம்.

பொருள்: என் அண்ணன் அனஸ் (வயது 22) உடற்பயிற்சிக்காகக் குடித்து வந்த, தயாரித்தவர் பெயர் இல்லாத சிவப்புப் பொடியைப் பரிசோதனைக்கு எடுத்து, முடிவை எங்கள் தாயாருக்குத் தெரிவிக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இதை நான் நேரில் வந்து சொல்லியிருக்க வேண்டும். சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை கொக்கிரகுளத்தில் நடந்த குறைதீர் கூட்டத்துக்கு வந்தேன். வரிசையில் என் முறை வந்தது. பின்னால் நின்ற ஓர் அம்மாவை முன்னே போகச் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். வாசலில் மனு எழுதிக் கொடுப்பவர் கூப்பிட்டு, "என்ன பாப்பா, பட்டாவா, பென்ஷனா?" என்று கேட்டார். ரெண்டும் இல்லை என்று மட்டும் சொன்னேன். ஆகவே நானே எழுதுகிறேன். ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் நான். வீட்டில் இருந்து பீடி சுற்றுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1. என் அண்ணனைக் காக்கா என்றும், தாயாரை உம்மா என்றும், தந்தையை வாப்பா என்றும் நாங்கள் கூப்பிடுவோம். காக்கா திருநெல்வேலி டவுணில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தார். சிறு வயதிலிருந்தே ஒல்லி. கடையில் துணிக்கட்டு தூக்கும்போது உடன் வேலை பார்ப்பவர்கள், "ஏலே அனஸு, ஆடிக் காத்துல சூதானமா நில்லுலே, கயத்தாறுல போய் விழுந்துராத" என்று சொல்லிச் சிரிப்பார்களாம். அதை அவரே வீட்டில் வந்து நடித்துக் காட்டுவார். எங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் வீட்டுக்குள் எவ்வளவு புழுக்கமாக இருந்தாலும் சட்டையைக் கழற்ற மாட்டார். அது ஏன் என்று உம்மாவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

2. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வண்ணார்பேட்டையில் உள்ள ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தார். (அதன் பெயரையும் முகவரியையும் தனித்தாளில் எழுதி இணைத்துள்ளேன்.) பொடி விஷயத்தில் காக்கா முதலில் யோசித்துத்தான் நடந்தார் என்பதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். தெரு முனை மருந்துக்கடையில் இருக்கும் அக்காவிடம் போய்க் கேட்டார். அவர், "மொதல்ல முட்டையும் பயறும் ஒழுங்காத் தின்னு. பொடிதான் வேணும்னா சீல் ஒடையாதத வாங்கு, பில்லு இல்லாம வாங்காத, டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ" என்று சொன்னார். காக்கா அப்படியே செய்தார். உம்மா தினமும் பாசிப்பயறு அவித்து வைத்தார். கடையில் பில்லோடு வாங்கிய புரதப் பொடியை ஓராண்டுக்கு மேல் குடித்தார். ஒரு குறையும் வரவில்லை. அந்தப் பொடியின் மீது எனக்குப் புகார் இல்லை.

3. கூடத்தில் பயிற்சி கொடுப்பவர் திரு. இசக்கிமுருகன். எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். நோன்புப் பெருநாளுக்குப் பிறகு நடக்க இருந்த ஆணழகன் போட்டிக்குக் காக்காவின் பெயரைக் கொடுத்தவர் அவர்தான். அன்று காக்கா வீட்டுக்கு வந்து, முதல் தடவையாக எங்கள் முன்னால் சட்டையைக் கழற்றிவிட்டு, கையை மடக்கி, "ஹம்னா, இங்கன தொட்டுப் பாரு, கல்லு மாரி இருக்கா?" என்றார். ஆமாம் என்றேன். உண்மையிலேயே கல்லு மாதிரிதான் இருந்தது. உம்மா, "கண்ணு பட்டுரும், சட்டையைப் போடு வாப்பா" என்று மகனிடம் செல்லமாகச் சொல்லிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார்.

போட்டிக்காக மாஸ்டர் காசு வாங்கிக்கொண்டு கொடுத்ததுதான் சிவப்புப் பொடி. பயிற்சிக்கு முன் ஒரு கரண்டிப் பொடியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்தால் சோர்வு தெரியாது என்றார். குடித்ததும் காது மடல் சூடாகும், உடம்பில் எறும்பு ஊறுவது போல் இருக்கும் என்று காக்கா சொல்வார். "எறும்பு ஊறுனாத்தாம்லே அது வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்றாராம் மாஸ்டர். நெஞ்சு படபடத்ததையும் காக்கா அந்தக் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டார். மருந்துக்கடை அக்காவிடம் இந்தப் பொடியை அவர் காட்டவில்லை. மாஸ்டர் கொடுத்ததை இன்னொருவரிடம் போய்க் கேட்பது மரியாதையாக இருக்காது என்று நினைத்திருப்பார். அவர் சுபாவம் அது.

4. இவ்வாண்டு மார்ச் மாதம் நோன்பு. விடிவதற்கு முன் சகர் உணவு சாப்பிட்டால், சூரியன் மறையும்வரை தண்ணீரும் தொண்டையில் படக்கூடாது என்பது தாங்கள் அறிந்ததே. ஆனால் எங்கள் வீடுகளில் உள்ள இன்னொரு பழக்கம் தாங்கள் அறிந்திருக்க மாட்டீர்கள். பகலில் விழுங்க வேண்டியதை எல்லாம் சகரிலேயே சேர்த்து விழுங்கிவிடுவோம். உம்மா தன் பிரஷர் மாத்திரையை அப்படித்தான் போடுவார். இருமல் மருந்து என்றால், மதியத்துக்கு உள்ள மூடியையும் விடியுமுன்னே ஊற்றிக் குடிப்போம். வயிற்றுக்குள் போய்விட்டால் அதன் நேரத்தில் அது வேலை செய்யும் என்பது எங்கள் எண்ணம். அது தவறு என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

அந்தக் கூடத்தில் நோன்பு வைக்கும் பையன்கள் பலர். அவர்களைப் பார்த்து மாஸ்டரும் இதைப் பழகிக்கொண்டார். அங்கே இதற்கு "நோன்பு டோஸ்" என்றே பெயர். காக்கா நோன்போடு போட்டிக்கு எப்படித் தயாராவது என்று கேட்டதற்கு, "ஏலே, நோன்ப விடாண்டாம், அது ஒங்க சாமி காரியம். சகர்லயே ரெண்டு கரண்டியச் சேத்துப் போட்ரு. சாயங்காலம் வரைக்கும் நிக்கும்" என்று மாஸ்டர் சொன்னார். இதைக் காக்காவே சிரித்துக்கொண்டு உம்மாவிடம் சொன்னார். உம்மாவுக்கு அதில் வித்தியாசமாக எதுவும் படவில்லை. எங்கள் வீட்டு வழக்கம்தானே.

அன்றிலிருந்து சகரில் உம்மாதான் அதைக் கலக்கிக் கொடுத்தார். "நன்னாரி சர்பத்து மாரி இருக்குல்லா உம்மா, நீங்களும் ஒரு வாய் குடியுங்க" என்று காக்கா கேலி செய்வார். "ஒரு வாய் சோத்தத் தின்னுட்டு அதக் குடி" என்பார் உம்மா. பகல் முழுக்கக் கடையில் நின்று வேலை பார்த்துவிட்டு, அசர் என்னும் பிற்பகல் தொழுகை முடித்து, அதே தாகத்தோடு கூடத்துக்குப் போவார்.

5. பெருநாளுக்கு ஒரு வாரம் இருந்தது. அன்று சகருக்குக் காக்கா தாமதமாக எழுந்தார். பொடியை அவசரமாகக் குடித்துவிட்டுப் பள்ளிவாசலுக்குக் கிளம்பினார். டம்ளரின் அடியில் பொடி கட்டியாக நின்றிருந்ததை உம்மா பார்த்தார். காசு போட்டு வாங்கியது, நோன்பு மாதத்தில் எதையும் வீணாக்கக்கூடாது என்று அதில் தண்ணீர் ஊற்றிக் கலக்கி எடுத்துக்கொண்டு வாசல்வரை ஓடினார். காக்கா செருப்பைப் போட்டபடியே அதையும் வாங்கிக் குடித்தார்.

மாலையில், பயிற்சியின் நடுவே, எடையைக் கீழே வைத்தவர் நிமிரவில்லை என்று உடன் இருந்தவர்கள் சொன்னார்கள். அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது உயிர் இருந்தது. என்ன சாப்பிட்டார், என்ன குடித்தார் என்று டாக்டர் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். கொண்டுபோன பையன்கள் பயந்துபோய், "நோன்பு சார், ஒண்ணும் சாப்பிடல" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். அதுவும் பொய் இல்லை. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உடம்பில் நீர் வற்றி, இதயத் துடிப்பு தாறுமாறாகிவிட்டது என்றார்கள்.

6. சின்ன வயது என்பதால் உடற்கூறு பரிசோதனை செய்வது நல்லது என்று டாக்டர் சொன்னார். வாப்பா சவூதியில் இருக்கிறார். இங்கே முடிவு எடுக்க வேண்டியவர் அவர் தம்பி, எங்கள் சாச்சா அசன் முகம்மது. அவர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து உடலை வாங்கினார். எங்களில் அடக்கத்தைத் தாமதிப்பதில்லை. அன்று இரவே அடக்கம் ஆனது. வாப்பா ஃபோனில் பார்த்தார். நடுவில் சிக்னல் போய்விட்டது.

பிறகு நான் இந்தப் பொடியைப் பற்றி எடுத்தபோது சாச்சா அழுதார். "ரமலான்ல நோன்போட போனவன்மா. அதவிட நல்ல மவுத்து யாருக்குக் கெடைக்கும்? மனு, கோர்ட்டுன்னு அவன இழுக்காதிய" என்றார். அவர் சொல்வதில் எங்களுக்கு நம்பிக்கை உண்டு. ஆனால் நல்ல மவுத்து என்பதும், ஏன் மவுத்தானார் என்று கேட்பதும் வேறு வேறு என்றே எனக்குத் தோன்றுகிறது. இதைச் சாச்சாவிடம் நான் சொல்லவில்லை. தங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

7. மாஸ்டரைப் பற்றியும் நியாயமாக எழுத வேண்டும். அவர் அடக்கத்துக்கு வந்தார். தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு கடைசி ஆள் போகும்வரை கபுருஸ்தான் வாசலிலேயே நின்றாராம். பின்னொரு நாள் வீட்டுக்கு வந்து, "நானும் அதத்தானம்மா குடிக்கேன், என்ன ஒண்ணும் செய்யலியே" என்று உம்மாவிடம் சொல்லி அழுதார். அவர் வேண்டுமென்றே செய்தார் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் பகலில் தண்ணீர் குடிப்பவர் என்பதை மட்டும் சொல்கிறேன்.

8. ஆனால் அந்தப் பொடி இன்னும் கொடுக்கப்படுகிறது. எங்கள் தெருப் பையன்கள் மாலையில் அந்தச் சிவப்புத் தண்ணீரைப் பாட்டிலில் குலுக்கிக்கொண்டு பைக்கில் போவதை நானே ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். காக்காவின் டப்பா என்னிடம் உள்ளது. பாதிக்கு மேல் பொடி இருக்கிறது. ஒருவன் கையை மடக்கிக் காட்டும் படம், மேலே ஒட்டிய ஒரு ஸ்டிக்கர், அவ்வளவுதான். எங்கள் வீட்டுக்கு வரும் பால் கவரில்கூட யார் தயாரித்தது, என்றைக்குள் பயன்படுத்த வேண்டும், உரிமம் எண் என்ன என்று இருக்கிறது. இந்த டப்பாவில் அவை எதுவும் இல்லை. உள்ளே என்ன சேர்ந்திருக்கிறது என்றும் இல்லை.

9. உம்மா ரைஹானத்தைப் பற்றி எழுதாமல் இந்த மனு முடியாது. அவர் இப்போது யாருக்கும் எதையும் கலக்கிக் கொடுப்பதில்லை. வீட்டுக்கு யாராவது வந்தால் பால், தேயிலைத் தண்ணீர், சீனி என்று தனித்தனியாக வைத்துவிட்டு, "நீங்களே போட்டுக்கோங்க" என்று அடுக்களைக்குள் போய்விடுகிறார். எனக்குக் காய்ச்சல் வந்தபோது மாத்திரையைக்கூடக் கையில் தரவில்லை. பக்கத்து வீட்டில் சொல்லிக் கொடுக்க வைத்தார். "அவன் குடிச்சு முடிச்சிட்டாம்லா. மிச்சத்தையும் கலக்கித் தொரத்திட்டுப் போய்க் குடுத்தது நாந்தான" என்று திடீர் திடீரென்று சொல்கிறார். வாப்பாவிடம் ஃபோனிலும் இதையே சொல்கிறார். வேறு பேச்சு இல்லை.

ஆகவே தங்களை நான் கேட்டுக்கொள்வது:

அ) அந்தக் கூடத்துக்கு முன்னறிவிப்பு இல்லாமல் சென்று சிவப்புப் பொடியை மாதிரி எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். என்னிடம் உள்ள டப்பாவையும் சொல்லும் நாளில் கொண்டு வருகிறேன். திறந்த டப்பாவை ஏற்பது விதிப்படி முடியுமா என்று தெரியவில்லை. தகவலை எழுத்தில் அனுப்பினால் நல்லது. ஃபோனில் எனக்குப் பேச வராது.

ஆ) பெயரும் உரிமமும் இல்லாத பொடிகளை உடற்பயிற்சிக் கூடங்களில் விற்பதைத் தடுக்க வேண்டும். அடுத்த நோன்பு வருவதற்கு முன், பகலில் குடிக்க வேண்டியதைச் சகரில் இரட்டிப்பாகக் குடிக்கக்கூடாது என்று தமிழில் அறிவிப்பு எழுதிக் கூடங்களில் ஒட்டவும், பள்ளிவாசல்களுக்கு அனுப்பவும் வேண்டும். வெள்ளிக்கிழமை வாசித்தால் பையன்கள் கேட்பார்கள்.

இ) பரிசோதனை முடிவை என் உம்மாவின் பெயருக்கு அனுப்ப வேண்டும். பொடியில் கேடு இருந்தால் இருக்கிறது என்றே எழுதுங்கள். கேடு இல்லை, அளவும் தாகமும்தான் காரணம் என்றால் அதையும் மறைக்க வேண்டாம். எதுவானாலும், வீட்டில் கலக்கிக் கொடுத்தவர் இதை அறிந்திருக்க வழியில்லை என்று அதன் கீழே ஒரு வரி சேர்க்க இயலுமா என்று பணிவோடு கேட்கிறேன். அப்படி எழுத விதி உண்டா என்று எனக்குத் தெரியாது. நானும் வாப்பாவும் சாச்சாவும் சொல்லிப் பார்த்துவிட்டோம். நாங்கள் பிரியத்தில் சொல்கிறோம் என்று உம்மா தள்ளிவிடுகிறார். தாங்கள் எங்களுக்கு யாரும் இல்லை. அதனால் தாங்கள் எழுதினால் அவர் நம்புவார்.

இடம்: மேலப்பாளையம்
நாள்: 16.06.2025

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
ஹ. ஹம்னா