உங்கள் குரல் இருந்த இடத்தில் வயலின்

மாமா, நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எதையும் அழகாக்க மாட்டேன். உங்கள் சவப்பெட்டியைச் சுற்றி வீடியோக்காரர் அடித்த ரோசாப்பூ ஸ்பிரே என் வெள்ளைச் சட்டையில் இன்னும் மணக்கிறது. துவைத்தும் போகவில்லை. முப்பத்தோராம் நாள் பூசைக்கு அதையே போட்டேன்.

கனடாவுக்கு வெளிக்கிட்ட படகு நடுக்கடலில் பழுதாகி, வழியில் வந்த கப்பல் உங்களை வியட்நாமில் இறக்கிவிட்ட கதையை நீங்கள் யாரிடமும் மறைத்ததில்லை. அங்கே அகதி முகாமில் உங்களுக்குச் சமைத்தவர் ஹுவே நகரத்துப் பெண். அந்த ஊர் ஆற்றில் படகை நிறுத்திவைத்துப் பாடும் பழைய பாட்டு அவருக்கு வரும். சின்னத் தேநீர்க் கோப்பைகளை விரல்களுக்கிடையில் பிடித்துத் தாளம் தட்டுவாராம். ஊருக்குத் திரும்பிய பிறகு, கிழிந்த வலையைப் பொத்தி முடிந்ததும் நீங்களும் எங்கள் பிளேன்டீக் கோப்பைகளை எடுத்து அதைப் பாடுவீர்கள். சொற்கள் எல்லாம் பிழை என்று நீங்களே சிரிப்பீர்கள். ஆனால் ஒரு சொல்லை நீட்டி, நடுவில் நடுங்கவிட்டு, மெல்ல இறக்குவீர்கள்.

"இது சோகமோ சந்தோசமோ, மாமா?"

"ரெண்டுக்கும் நடுவிலை, பிள்ளை. அவாவும் ஊருக்குப் போகேலாமல் இருந்தவா, நானும் அப்பிடித்தான்."

நீங்கள் பாடியதை என் போனில் பதிந்திருந்தேன். நினைவு வீடியோவில் போடும்படி வீடியோக்காரரிடம் கொடுத்தேன். மாமி கேட்டது அது ஒன்றைத்தான்: "அவரின்ரை குரலை எல்லாரும் ஒருக்காக் கேட்டால் போதும்."

செத்தவீட்டிலேயே எனக்கு அருவருப்புத் தொடங்கிவிட்டது. "அன்ரி, ஆரோ கமராவை மறைச்சுப்போட்டினம். இன்னொருக்காப் பெட்டியிலை விழுந்து அழுங்கோ" என்றார் வீடியோக்காரர். மாமி இன்னொரு முறை விழுந்து அழுதார்.

நேற்று முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த பின்னேரம் விறாந்தையில் திரை கட்டி அந்த வீடியோவைப் போட்டார்கள். "வெளிநாட்டில் உயர்பதவி வகித்தவர்" என்று எழுத்து ஓடியது. பிறகு நீங்கள் வந்தீர்கள். உங்கள் வாய் அசைந்தது, கேட்டது வயலின்.

"அவர் பாடினது எங்கை?" என்று மாமி கேட்டார்.

கனடாவிலிருந்து வந்திருந்த மாமியின் அண்ணன் கதிரையில் சாய்ந்தபடி சொன்னார்: "நான்தான் அதை வெட்டச் சொன்னனான். சீனாக்காரன் பூனையை மிதிச்ச மாதிரிக் கிடந்தது. அங்கை பாக்கிற சனம் சிரிக்குமெல்லே?"

"அது சீனா இல்லை, வியட்நாம்" என்றேன்.

"வாசிகசாலை வாய் திறந்திட்டுது!" என்றார். எந்நேரமும் புத்தகமும் கையுமாக இருக்கும் எனக்கு அவர் வைத்த பட்டம் அது.

எல்லோரும் சிரித்தார்கள். உங்களுக்குப் படைத்த வடையைத் தின்றுகொண்டே சிரித்தார்கள், மாமா. அந்த எண்ணெய் வாய்களை என்னால் மறக்க முடியாது.

"பிந்தி வந்த ஆக்களுக்காக முதலிலையிருந்து போடுறம். லைற்றை நூருங்கோ" என்றார் மாமியின் அண்ணன்.

மாமி எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தார். "உன்ரை போனிலை இருக்கெல்லே? போடு, பிள்ளை. பலமாப் போடு."

போட்டேன். நீங்கள் அந்தச் சொல்லை நீட்டினீர்கள். நடுங்கும் இடம் வந்தபோது மாமியின் தொண்டையும் சேர்ந்து அசைந்தது. அந்த இடம் இப்போது எனக்கும் மனப்பாடம். விறாந்தையில் லைற்றை நூர்த்து இருட்டாக்கிவிட்டார்கள்.