ஓரத்தில் தெரியும் சிவப்பு

நண்பரே,

பழைய சட்டத்திலிருந்து உங்கள் படத்தைக் கழற்றியதும் என் பிரேம் கடை முழுக்க, நீங்கள் வண்ணம் குழைத்த ஆளிவிதை எண்ணெய் வாசம். நீங்கள் போனது அந்த எண்ணெய்க்கு இன்னும் தெரியவில்லை போலிருக்கிறது.

ஏரிக்கரை லாட்ஜ் முதலாளிதான் கொண்டு வந்தார். சட்டத்தைக் கரையான் அரித்துவிட்டதாம், மாற்ற வேண்டுமாம். கூடவே படத்தின் நடுவில் ஒரு கோடு இழுத்து, அதன் மேல் ஒரு படகும் வரைய வேண்டுமாம். லாட்ஜுக்கு வருகிறவர்கள் இது ஏரியா வானமா என்று கேட்டு அவர் உயிரை எடுக்கிறார்களாம். போர்டு எழுதுகிற கைக்கு ஒரு படகு பெரிய காரியமா என்றார்.

படத்தை வாங்கியபோது இதே படகை அவர் உங்களிடமும் கேட்டார். அன்று ஒண்டிக்கடை பஸ் நிறுத்தத்தில் இருக்கும் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து, டீயை ஆற்றிக்கொண்டே அவருக்குப் பதில் சொன்னீர்கள்: "ஏனுங்க, விடியக்காலைல எது தண்ணி, எது வானம்னு அந்த ஏரிக்கே தெரியாதுங்க. நான் எங்கீங்க கோடு போடறது?"

அந்தப் படம் வளர்ந்ததைக் கூடவே இருந்து பார்த்தவன் நான். முதலில் துணி முழுக்கக் காப்பிப் பழச் சிவப்பு. இதோடு நிறுத்துங்கள் என்றேன், கேட்கவில்லை. மேலே பச்சை பூசினீர்கள். இந்த மலை ஈரத்தில் அது காய்வேனா என்றது. எஸ்டேட் களத்தில் காப்பிக்கொட்டை காயும் இடத்தில் சாய்த்து வைப்பீர்கள், பனி இறங்கினால் தூக்கிக்கொண்டு ஓடுவீர்கள். அப்புறம் நீலம், அதன் மேல் துணியால் ஒற்றி ஒற்றி வெள்ளை. சிவப்பைத் தொலைத்துவிட்டீர்களே என்று எனக்குக் கோபமே வந்தது. தள்ளி நின்று பார்த்தபோதுதான் அந்த வெள்ளைக்குள் சூடு தெரிந்தது. பக்கத்தில் இருந்த கரை தூரமாகப் போனது, தூரத்து மலை பக்கத்தில் வந்து நின்றது.

வழக்கம்போல் ஓரங்களை மறைத்து அட்டை வெட்டிச் சட்டம் போட்டுவிட்டேன். பிரிக்கச் சொன்னீர்கள். பூச்சு பூச்சாக நிறங்கள் அங்கேதான் தெரிந்தன, எல்லாவற்றுக்கும் அடியில் அந்தச் சிவப்பு. "அதை மூடாதீங்க பாய். தேடி வாரவங்களுக்கு ஒரு வாசல் வேணுமில்லீங்களா?"

லாட்ஜ்காரரிடம் முடியாது என்றேன். அவர் சிரித்தார்.

"அவருதான் போய்ச் சேந்துட்டாரே பாய். இனி யாரு கேக்கப் போறாங்க?"

"நான் கேக்கறேனுங்க."

அப்படியானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று படத்தில் கை வைத்தார். விற்பனைக்கு வைத்திருந்த பெரிய ஏரி போட்டோ ஒன்றை இறக்கினேன். அதில் கரை உண்டு, கோடு உண்டு, படகும் பளிச்சென்று உண்டு. அவருக்கென்று செய்திருந்த புதுச் சட்டத்தில் அதைப் போட்டு நீட்டி, இதை எடுத்துக்கொண்டு அதை விட்டுவிடுங்கள் என்றேன். இதுதான் நொம்ப நல்லாயிருக்கிறது என்று சந்தோஷமாகவே கொண்டு போனார்.

உங்கள் படம் இப்போது என் கடைச் சுவரில், அட்டை இல்லாமல், ஓரம் தெரியத் தொங்குகிறது. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எட்டிப் பார்த்து, இதில் எது ஏரி, எது வானம் என்று கேட்கிறார்கள். நான் சொல்வதில்லை. யார் வந்து கேட்டாலும் சொல்லப் போவதில்லை. உங்கள் ஸ்டூலை இழுத்துப் போட்டு, உட்காருங்க என்கிறேன்.