கிளுவங்கதியாலின் வெட்டுவாய்

1974 ஆவணி 4, ஞாயிறு. வேலணை.
விடியவே சோளகக் காற்று. முற்றமெல்லாம் புழுதி. விடுமுறைக்கு, நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த பரிசோதனைக் குழாய் பதினொன்று. ஒன்று பஸ்ஸில் உடைந்தது. வத்தாளங்கிழங்கு, சர்க்கரைவள்ளிதான், இரண்டு வகை: நேற்றுக் கிண்டியது, மூன்று மாதம் பழையது. வட்டம் வட்டமாக அரிந்து பாதியை உடனே நசித்துச் சோதித்தேன். மீதி ஈரச்சீலையில். வெட்டுப்பட்ட இழையம் ஆறுவதற்குப் புதிதாகப் புரதம் செய்கிறதா? வயது போனால் அது குறைகிறதா?
அம்மா: "அவிக்கிற கிழங்கை வெட்டி நாசமாக்கிறாய்."

ஆவணி 6, செவ்வாய்.
ஈரச்சீலைத் துண்டுகளை நசித்து மயில்துத்தமும் சோடாக்காரமும் விட்டேன்; புரதம் இருந்தால் ஊதாவாகும். இளங்கிழங்கு: ஞாயிற்றுக்கிழமையை விட நல்ல ஊதா. கிழட்டுக் கிழங்கு: நிறம் ஏறவேயில்லை. வெட்டுவாயும் இன்னும் நசநச. எழுதி முடிக்கவில்லை, வேலியடியில் கத்தல்.
அண்ணை வேலி அடைக்கிற சாட்டில் சித்தப்பாவின் காணிக்குள் ஒரு முழம் தள்ளிக் கதியால் நட்டிருக்கிறார், வேர்விட்டு வேலியாக நிற்கிற கிளுவங்கொம்பு. இந்த வெயிலில் எந்த விசரன் கதியால் நடுவான்? சித்தப்பா ஒன்றைப் பிடுங்கினார். அண்ணை கத்தியை வீசினார். சித்தப்பாவின் முழங்கைக்குக் கீழே எலும்பு தெரிந்தது. மனுசனுக்கு அறுபத்தெட்டு வயது. நான்தான் சீலை கிழித்துக் கட்டினேன். ஆஸ்பத்திரியில் சித்தப்பா சொன்னது: "ஓலை வெட்டேக்கை தவறிப் போச்சு." குடும்ப மானமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆவணி 9, வெள்ளி.
சித்தப்பாவின் புண் மூடவில்லை. சீழ். எல்லை பார்க்க ஊர் அதிகாரி விதானையார் வந்தார்.
அண்ணை: "தை மாதத்திலை நட்ட கதியால் ஐயா."
விதானையார் என்னைப் பார்த்தார். "ரீச்சர், நீர் தாவரம் படிப்பிக்கிறனீர். எப்ப வெட்டினது எண்டு சொல்ல ஏலுமோ?"
அம்மா என் முதுகில் கிள்ளினாள்.
ஒரு கதியாலைப் பிடுங்கினேன். தையில் நட்டிருந்தால் அடிவெட்டைச் சுற்றித் தழும்பு கட்டி வேர் ஓடியிருக்கும். இதில் கத்தி போன கோடு அப்படியே.
"ஓம். ஒரு கிழமைக்குள்ளை வெட்டினது. வேர் இல்லை, பாருங்கோ."
அண்ணை அந்தக் கதியாலை என் கையிலிருந்து பறித்துக்கொண்டு போனார். அதுதான் பயம்.

ஆவணி 10, சனி.
இடது கை எழுத்து. காலையில் அண்ணை வந்து குழாய் எல்லாவற்றையும் நிலத்தில் அடித்தார். "கூடப்பிறந்தவனைக் காட்டிக் குடுத்த நாய்." பிறகு கதியாலால் எனக்கு. வலது மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. நானும் சும்மா விடவில்லை, தோளில் சதை பிய்யக் கடித்தேன்.
ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸில் அம்மா: "கிணத்தடியிலை வழுக்கினது எண்டு சொல்லு. அவன் உள்ளை போனால் உனக்கு ஆர் கலியாணம் பேசுறது?"
டாக்குத்தர் பேனையை எடுத்து என்ன நடந்தது என்றார். அம்மா முந்திக்கொண்டு, "கிணத்தடியிலை," என்றாள்.
"இல்லை," என்றேன். "அண்ணை அடிச்சவர். செவ்வாய்க்கிழமை சித்தப்பாவை வெட்டினதும் அவர்தான். எழுதுங்கோ."
அம்மா எழும்பி பஸ்ஸுக்குப் போனாள். எனக்காக நிற்கவில்லை.
இப்போது சித்தப்பா வீட்டு விறாந்தை. டாக்குத்தர் அறிவித்த பொலிஸ் இன்னும் வரவில்லை. வேலிக்கு அங்கால் அண்ணை கத்தி தீட்டுகிறார்.