யாரும் தூக்க வேண்டாம்

கொட்டாஞ்சேனை,
மே 24.

அன்புள்ள கிளறன்ஸ் அண்ணாவுக்கு,

தங்கச்சி றொசானா எழுதுவது. அம்மாவும் நானும் சுகம். உங்கள் முதுகுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் குறுக்கே கதைப்பீர்கள், பிறகு அழுவீர்கள். அதனால் உங்களிடம் மிலானுக்கு வரும் ஸ்ரான்லி அங்கிளிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். முழுவதும் வாசியுங்கள்.

நடக்க ஏலாதவர்களுக்கு நீர்கொழும்பில் சிஸ்டர்மார் நடத்தும் இல்லத்தில் எனக்கு இடம் பிடித்திருக்கிறீர்களாம். அம்மா சொன்னா. என்னிடம் ஒருத்தரும் கேட்கவில்லை. நான் போகமாட்டேன்.

எங்கள் ஒழுங்கையில் என் சக்கரக் கதிரை ஓட முடியாது என்பது உங்கள் காரணம். ஓம், உண்மைதான். குழாய் போடத் தோண்டியவர்கள் மூடிய லட்சணத்தில் அது மேடும் பள்ளமுமாகக் கிடக்கிறது. முனையில் கழிவுநீர்க் கானின் மூடி உடைந்து சாய்ந்து நிற்கிறது. நீங்கள் அனுப்பிய கதிரை ஆஸ்பத்திரித் தரைக்குச் செய்தது. முன்சக்கரம் சின்னது, அங்கே போய் மாட்டும். உடனே திரீவீல்காரர் நாலு பேர் ஓடிவந்து, கேட்காமலே கதிரையோடு தூக்குவார்கள். கோவில் திருநாளில் அந்தோனியார் சொரூபம் தூக்குகிற அதே ஆட்கள், அதே பிடி. புனித றொசானா வாறா, வழி விடுங்கோ என்று பகிடி வேறு. நல்ல மனுசர்தான். ஆனால் காலையும் மாலையும் சொரூபமாகி ஒருத்தி வேலைக்குப் போய்வர முடியுமா?

போன மாதம் மாநகரசபைக்காரர் ஒரு கூட்டத்தில் சிலருக்குக் கதிரை கொடுத்துப் படம் எடுத்தார்கள். அந்த மேடைக்கு ஏறப் படிகள்தான் இருந்தன. கதிரை தருவார்கள், ஓட்டத் தெரு தரமாட்டார்கள். அவர்கள் தெருவைத் திருத்தும்வரை இருந்தால் எனக்கு நரைத்துவிடும். ஆகவே கதிரையைத் திருத்தினோம்.

நானும், தெமட்டகொடையில் திரீவீல் திருத்தும் உங்கள் கூட்டாளி ஹபீஸ் நானாவும். முதலில் முன்னுக்கும் பின்னுக்கும் மெத்தென்ற ஸ்பிரிங் போட்டு, என் நிறையில் ஓர் அரிசி மூட்டையைக் கட்டி உருட்டினோம். மூட்டை அசையவில்லை. ஹபீஸ் நானாவுக்கு ஒரே பெருமை. பிறகு நான் ஏறிக் குனிந்து சக்கரத்தைத் தள்ளினேன். முன் ஸ்பிரிங் அமுங்கிக் கதிரை குப்புறச் சாய்ந்தது, முழங்கை உரிந்தது. அரிசி மூட்டை குனியாது, தள்ளாது. இரண்டு பேருக்கும் அது தோன்றவில்லை. அவர் பயந்து, விடுவோம் என்றார். உங்கள் முகத்தில் முழிக்க ஏலாதாம்.

நான் விடவில்லை. முன்னுக்கு ஸ்பிரிங்கைக் கழற்றி, திரீவீல் என்ஜினுக்கு அடியில் வைக்கும் ரப்பர்க் கட்டையை வெட்டிப் போட்டோம். பெரிய சக்கரம் பூட்டினோம். மேட்டில் மல்லாக்க விழாமல் இருக்கப் பின்சக்கரத்தைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினோம். இப்போது திருப்புவது கஷ்டம், தோள் நோகிறது. பரவாயில்லை.

பின்னுக்கு நல்ல ஸ்பிரிங் கிடைக்கவில்லை. நீங்கள் ஓட்டி, நான் பின்னால் இருந்து, இரண்டு பேரும் விழுந்த அந்த நாளுக்குப் பிறகு உங்கள் மோட்டார்சைக்கிள் அவருடைய கடையில்தான் கிடக்கிறது. அதன் பின் ஸ்பிரிங் இரண்டும் பழுதில்லை. இறுக்கத்தைக் குறைத்து அவற்றைப் போட்டோம். உங்களைக் கேட்காமல் கழற்றச் சொன்னது நான்தான். நன்றாகத் தாங்குகின்றன.

வெள்ளிக்கிழமை கான் மூடிக்கு வந்தேன். நாலு பேரும் ஓடிவந்தார்கள். “தூக்க வேண்டாம். பாத்துக்கொண்டு நில்லுங்கோ” என்றேன். கதிரை ஏறியது, ஒரு குலுக்குக் குலுக்கியது, நேராக இறங்கியது. அவர்கள் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள். நான் கொச்சிக்கடைக்குப் போனேன். தனியாக வந்துபோக முடிந்தால் வேலை தருவதாகச் சொன்ன துறைமுகச் சாமான் எடுத்துக்கொடுக்கும் கிளியறிங் ஒபிசின் வாசலில் நின்றேன். திங்கள் தொடங்குகிறேன். ஆகவே நீர்கொழும்பு இல்லத்து இடத்தை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லுங்கள்.

அம்மா செவ்வாய்தோறும் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துகிறா. தொலைந்ததைத் தேடித் தருவார் என்று. இந்த வீட்டில் எந்தப் பொருளும் தொலையவில்லை, அண்ணா.

ஜூன் பதின்மூன்று அந்தோனியார் திருநாள். சொரூபத்துக்குப் பின்னால் நான் என் கதிரையில் போவேன், நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும். வாருங்கள். வந்தால் பின்னால் நின்று கதிரையைப் பிடிக்காதீர்கள். பக்கத்தில் நடவுங்கள்.

அந்தோனியார் உங்களைப் பத்திரமாகக் கூட்டிவரட்டும்.

உங்கள் தங்கச்சி,
றொசானா