உயரமாகப் போடு

8 ஏப்ரல் 2025, செவ்வாய்

மூன்று மணிக்கே மழை பிடித்துக்கொண்டது. டென்னிஸ் கோர்ட்டில் தேங்கிய தண்ணீரைத் தள்ளியதுதான் இன்றைய பயிற்சி. பிள்ளைகளுக்குச் சந்தோஷம், எனக்கு எரிச்சல். இறுதியாட்டத்துக்கு இரண்டு வாரம்கூட இல்லை. இந்தப் பாயான் பாரு கல்லூரியில் கோர்ட்டுக்குக் கூரை போடுகிறோம், போடுகிறோம் என்று வருடக்கணக்காகச் சொல்கிறார்கள். கோப்பை வாங்கும் அன்று மட்டும் நிர்வாகத்தில் எல்லாரும் என் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள்.

வீட்டுக்கு வந்தால் சுபாஷினி சமையலறை மேசையில் இடது கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மணிக்கட்டு வீங்கியிருந்தது. என் மகள் ஆடுவது நான் பயிற்சி தரும் கல்லூரிக்கு இல்லை, பத்து காவான் ஊர்ப் பக்கத்துக் கல்லூரிக்கு. அவளாகத் தேர்ந்தெடுத்தது. "வீட்லயும் நீங்க, கோர்ட்லயும் நீங்களா ப்பா? போதும் லா" என்றாள் அப்போது. நானும் சிரித்தேன். இப்போது இறுதியாட்டத்தில் அந்தக் கல்லூரிதான் எங்களுக்கு எதிரே வருகிறது.

ஐஸைத் துணியில் சுற்றிப் பிடித்துவிட்டேன். எந்த இடம் என்று விரலால் தேடினேன். இடப் பக்கம் இரண்டு கையாலும் அடிக்கும் பேக்ஹேண்டில், பந்து தோளுக்கு மேல் எழும்பினால் சுரீர் என்கிறதாம். தாழ்வாக வந்தால் ஒற்றைக் கையால் வெட்டிச் சமாளித்துவிடுகிறாளாம்.

"எங்க கோச்சுக்குச் சொல்லிடாதீங்க ப்பா. உக்கார வச்சிருவாங்க."

"நான் எதுக்குச் சொல்றேன்?"

தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டாள். இந்த வயதில் எந்த மகள் அப்படிச் சாய்கிறாள்? நன்றாகத்தான் இருந்தது.

12 ஏப்ரல், சனி

கை பரவாயில்லை என்கிறாள். பொய். தட்டுக் கழுவும்போது பார்த்தேன், இடது கை சும்மா தொங்குகிறது.

19 ஏப்ரல், சனி

ஜெயித்தோம். தொடர்ந்து ஐந்தாவது கோப்பை. எழுதப் பிடிக்கவில்லை.

20 ஏப்ரல், ஞாயிறு

எழுதித்தான் ஆக வேண்டும். வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

இரு கல்லூரியும் சமமாக வந்து நின்றன. கடைசி ஒற்றையர் ஆட்டம்தான் கோப்பையை முடிவு செய்ய வேண்டும். என் பக்கம் காமினி, எதிரே சுபா. குழுப் போட்டியில் பயிற்சியாளர் கோர்ட்டுக்குள்ளேயே பெஞ்சில் உட்காரலாம், பக்கம் மாறும்போது பேசலாம். அந்த ஒரு நிமிடத்தில்தான் நான் பேர் வாங்கியவன். ராமதாஸ் சார் ஒரு வார்த்தை சொன்னால் ஆட்டம் திரும்பும் என்பார்கள்.

முதல் செட் சுபாவுக்கு. இரண்டாவதிலும் அவள்தான் முன்னால். காமினி துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். "எது போட்டாலும் திரும்பி வருது சார்."

"பேக்ஹேண்டுக்குப் போடு. உயரமாப் போடு. தோளுக்கு மேல எழும்பணும். வேற ஒண்ணும் வேணாம்."

அவ்வளவுதான் சொன்னேன். எந்தப் பயிற்சியாளரும் சொல்லக்கூடியதுதானே — நேற்று முழுக்க இதையே எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய்டா ராமதாஸ். வேறு எந்தப் பயிற்சியாளர் அவளுக்கு ஐஸ் பிடித்தான்? அவள் கோச்சுக்குக்கூடத் தெரியாதே!

முதல் பந்து எழும்பியதும் சுபா உதட்டைக் கடித்தாள். அடுத்ததில் ஒரு கையை விட்டுவிட்டாள், பந்து வலையில். இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று. அப்புறம் ஒரு தடவை திரும்பி என் பெஞ்சைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்த முகத்தில். சரிதானா என்று கேட்பதுபோல் ஒரு பார்வை. நான் குனிந்து தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

இதையும் எழுதிவிடுகிறேன். அந்த நேரத்தில் எனக்கு மகள் என்ற நினைப்பே வரவில்லை. வேலை செய்கிறது, சொன்னது வேலை செய்கிறது என்றுதான் உள்ளே குதித்தது. சந்தோஷப்பட்டேன். என் பிள்ளை வலியில் உதட்டைக் கடிக்கிறாள், நான் சந்தோஷப்பட்டேன். சீ.

23 ஏப்ரல், புதன்

தசைநார் லேசாகக் கிழிந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். மாதக்கணக்கில் ராக்கெட்டைத் தொடக் கூடாது. திரும்பி வரும்போது நான்தான் காரை ஓட்டினேன். பக்கத்தில் என் மனைவி சந்திரிகா, பின்னால் சுபா.

"எங்க கோச்சுக்குச் சொல்லாதீங்கன்னுதான் கேட்டேன்" என்றாள் சுபா, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே. "காமினிக்குச் சொல்லாதீங்கன்னு கேக்கணும்னு எனக்குத் தோணல ப்பா."

சந்திரிகா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு அதுவரை தெரியாது.

25 ஏப்ரல், வெள்ளி

பயிற்சி முடிந்ததும் காமினி தயங்கித் தயங்கி வந்தாள். "சுபா கையில கட்டுப் போட்டிருக்காங்களாம் சார். ஆட்டத்துக்கு முன்னாடியே வலி இருந்துச்சாம். உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

யோசிக்கக்கூட இல்லை. வாயில் தயாராக இருந்தது.

"நல்ல வேளை சார். தெரிஞ்சு ஆடியிருந்தா எனக்கு அசிங்கமா இருந்திருக்கும்."

அவளுக்கு அசிங்கமாக இருந்திருக்குமாம்.

4 மே, ஞாயிறு

டத்தோ கிராமாட் வட்டாரத்து மண்டபத்தில் எனக்குப் பாராட்டு விழா. வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை சொல்லவில்லை, அதுதான் நான்.

விழா எடுத்த சங்கத்தின் தலைவர் லோகேஸ்வரன் மைக்கைப் பிடித்தார். "பெற்ற மகளே எதிரில் நின்றபோதும் கடமை தவறாத மனிதர்!" மண்டபம் அதிரக் கைதட்டல். நாற்காலியில் நெளிந்தேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

"பொன்னாடையை அந்த மகளே வந்து போர்த்த வேண்டும்" என்றார் அடுத்து. இதை யாரும் என்னிடம் சொல்லியிருக்கவில்லை. சுபா மேடையேறி வந்தாள். இடது கை கட்டுக்குள். ஒரு கையால் போர்த்தினாள், அது வழுக்கி வழுக்கி விழுந்தது. ஒரு முனையை நானே பிடித்துத் தோளில் போட்டுக்கொண்டேன்.

காதருகே குனிந்து சொன்னாள்: "சிரிங்க ப்பா. படம் எடுக்கிறாங்க."

சிரித்தேன்.

பிறகு மைக் என் கைக்கு வந்தது. சொல்லியிருக்கலாம். அங்கேயே, அத்தனை பேர் முன்னாலும். வாயைத் திறந்தால், "என் வெற்றிக்கெல்லாம் என் குடும்பமே காரணம்" என்று வருகிறது. ஒவ்வொரு விழாவிலும் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். முன் வரிசையில் சந்திரிகா தலையைக் குனிந்துகொண்டாள்.

6 மே, செவ்வாய்

படம் பேப்பரில் வந்துவிட்டது. நான் தினமும் பசியாறும் கடையின் முதலாளி ஹபீப் முகம்மது அதை வெட்டிக் கல்லாவுக்கு மேலே ஒட்டியிருக்கிறார். "நம்ம சார்" என்று வருகிறவனிடமெல்லாம் காட்டுகிறார். நாளையிலிருந்து வேறு கடை பார்க்க வேண்டும். இந்த ஊரில் அவருடைய ரொட்டி சானாய்க்கு ஈடு கிடையாது. இதுவும் வேண்டியதுதான் எனக்கு.

14 ஜூன், சனி

இன்று பசியாறும்போது சொல்லிவிட்டேன். "நான் செஞ்சது தப்பும்மா."

"ம்" என்றாள் சுபா. ரொட்டியில் காயா ஜாம் தடவிக்கொண்டே, "தெரியும் ப்பா" என்றாள். அவ்வளவுதான். திட்டினாலாவது பரவாயில்லை.

ஐஸ் தட்டை நான்தான் நிரப்பி வைக்கிறேன். என் எதிரில் அவள் எடுப்பதில்லை. கேட்டால் "இப்ப வலிக்கல". சந்திரிகாதான் கேட்டாள்: "செருப்ப வாசல்ல விட்டுட்டுத்தான வீட்டுக்குள்ள வர்றீங்க? அந்தக் கோச்சையும் அங்கயே விட்டுட்டு வந்தா என்ன?"

கோச்சைக் கழற்றிவிட்டால் உள்ளே எவன் இருக்கிறான்?

9 ஆகஸ்ட், சனி

சுபா மறுபடியும் ஆடத் தொடங்கிவிட்டாள். எனக்கு அவள் சொல்லவில்லை. கார் பின்சீட்டில் ராக்கெட் பை இருந்தது.

18 செப்டம்பர், வியாழன்

சனிக்கிழமை லீக் ஆட்டம். மறுபடியும் அவர்கள்தான், மறுபடியும் காமினியும் சுபாவும்.

மாலையில் சுபா படியேறி வந்தாள் — நொண்டிக்கொண்டு. வலது முழங்காலில் உறை மாட்டியிருந்தாள். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து நடந்தாள். "என்னம்மா?" என்றேன். "ஒண்ணுமில்ல ப்பா, லேசா இழுக்குது. யாருக்கும் தெரியாது."

எனக்குத் தெரிந்துவிட்டதே. ஏன் என் கண்ணில் படுகிறது இதெல்லாம்? முன்னால் ஓடி வர அவளால் முடியாது, வலைக்குப் பக்கத்தில் குட்டையாகப் போட்டால் முடிந்தது — காப்பியைக் கையில் எடுப்பதற்குள் கணக்குப் போட்டுவிட்டது என் புத்தி. நான் கேட்கவே இல்லை, அதுவாகப் போட்டுவிட்டது.

21 செப்டம்பர், ஞாயிறு

நேற்றைய ஆட்டம். கோர்ட்டுக்கு வரும்போது சுபா முழங்காலில் உறை இல்லை, நொண்டலும் இல்லை. மறைக்கிறாள் என்று நினைத்தேன். நன்றாக ஆடினாள். இரண்டாவது செட்டில் காமினி பின்தங்கினாள். பக்கம் மாறும்போது என் முகத்தையே பார்த்தாள். "போன தடவ மாதிரி ஒண்ணு சொல்லுங்க சார்."

நுனி நாக்குக்கு வந்துவிட்டது. எழுந்தேன். உட்கார்ந்தேன். "உன் ஆட்டத்த ஆடும்மா" என்றேன். அடுத்த இடைவெளியிலும் எழுந்தேன், உட்கார்ந்தேன். அதே வார்த்தை.

தோற்றோம். நிர்வாகத்தில் ஒருவர் வந்து, "என்ன சார், ஒண்ணுமே சொல்லாம உக்காந்துட்டீங்க?" என்றார். மழை வரும்போல் இருக்கிறது என்று எதையோ சொல்லிவிட்டு வந்தேன்.

சுபா எனக்கு முன்பே வீட்டுக்கு வந்து, சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தாள். படியில் அவள் ஏறிய சத்தம் கேட்டதாம், சந்திரிகா சொன்னாள், தடதடவென்று.

"கால் எப்படி இருக்கு?" என்றேன்.

"காலுக்கு ஒண்ணுமில்ல ப்பா. ஒண்ணுமே இல்ல." மேசையையே பார்த்தாள். "குட்டப் பந்து வருதா வருதான்னு ஆட்டம் முடியிற வரைக்கும் பாத்துட்டே இருந்தேன். வரல."

எனக்குப் புரிய நேரம் பிடித்தது. என்னைச் சோதித்துப் பார்த்திருக்கிறாள். பெற்ற அப்பனை நம்பலாமா என்று தெரிந்துகொள்ள, இல்லாத வலியை மாட்டிக்கொண்டு படியேறியிருக்கிறாள். கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. வெட்கம்தான் வந்தது. அந்த நிலைக்குக் கொண்டுவந்தது யார்?

அவள் வைத்த சோதனையில் ஜெயித்துவிட்டேன் என்று பேசாமல் இருந்திருக்கலாம். முடியவில்லை. "சொல்லிரலாம்னு நெனச்சேன்மா" என்றேன். "நுனி நாக்கு வரைக்கும் வந்துச்சு."

"தெரியும். ரெண்டு தடவ எந்திரிச்சு உக்காந்தீங்க."

அடுப்படியில் நின்ற சந்திரிகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுபா சிரிக்கவில்லை. "காமினிகிட்ட உண்மையச் சொன்னீங்களா?"

"இல்ல."

"சொல்லுங்க ப்பா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது, பாவம்."

"திங்கக்கிழமையே சொல்றேன்."

பிறகு இடது கையை மேசைமேல் நீட்டினாள். மணிக்கட்டு லேசாகச் சிவந்திருந்தது. இது நிஜம்.

ஐஸ் எடுத்துவந்து துணியில் சுற்றினேன். எந்த இடம் என்று கேட்கக் கூசியது. தெரிந்துகொள்ளாமலே இருந்துவிட்டால் நல்லது என்று தோன்றியது. துணியை வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். அவள்தான் என் விரலைப் பிடித்து, வலிக்கிற இடத்தில் வைத்தாள்.